அன்சாக் நாளில் யார் ஆட வேண்டும்?

22 ஏப்ரல் 2025

ஏப்ரல் 25 அன்சாக் நாள், போரில் இறந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைக்கும் நாள். அன்று ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் ஏஎஃப்எல் லீக்கில், மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில் ஒரு பெரிய ஆட்டம் நடக்கும். அதைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டது: "ஒவ்வொரு ஏப்ரல் 25 அன்றும் எம்.சி.ஜி.யில் காலிங்வுட்டும் எசண்டனும்தான் ஆடுகின்றன. போரில் செத்தவர்கள் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் போனவர்கள். ஏஎஃப்எல்லில் பதினெட்டு கிளப் இருக்கிறது. தேசிய நினைவு நாளை இரண்டு பெரிய கிளப்புகள் மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்? சுழற்சி முறையில் எல்லாருக்கும் வாய்ப்புத் தர வேண்டாமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனக்கு இந்த இரண்டு கிளப்பும் சொந்தமில்லை. மெல்பர்ன் வந்து முதலில் குடியிருந்தது ஃபுட்ஸ்கிரே பக்கம் என்பதால் வெஸ்டர்ன் புல்டாக்ஸ்தான் என் அணி. அந்த நாளில் எங்கள் ஜெர்சியை எம்.சி.ஜி.யில் பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஆனால் இந்த ஆட்டம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு பேசுவோம். லீக் உட்கார்ந்து பதினெட்டு பேரில் இரண்டு பேரைப் பொறுக்கி எடுக்கவில்லை. எசண்டன் பயிற்சியாளர் கெவின் ஷீடி இளவயதில் ராணுவத்தில் கட்டாயச் சேவை செய்தவர். அன்சாக் நாளில் ஒரே ஒரு பெரிய ஆட்டம் இருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. காலிங்வுட்டிடம் பேசினார், முன்னாள் படைவீரர் சங்கமான ஆர்.எஸ்.எல்.லின் விக்டோரியத் தலைவர் புரூஸ் ரக்ஸ்டனிடமும் பேசினார். ரக்ஸ்டன் லேசில் மசிகிற ஆள் இல்லை. அவர் சரி என்ற பிறகுதான் 1995இல் முதல் ஆட்டம் நடந்தது. 94,825 பேர் வந்தார்கள். காலிங்வுட்டின் சவேரியோ ராக்கா ஒன்பது கோல் அடித்தார். கடைசியில் 111-111 என்று டிரா. வந்தவர்களில் பாதிப் பேர் ஏமாந்து வீடு திரும்ப வேண்டியிருக்கவில்லை. அந்த நாளுக்கு அதைவிடப் பொருத்தமான முடிவை யாராலும் திட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்க முடியாது.

அதாவது ஒருவர் யோசித்தார், கேட்டார், நடத்திக் காட்டினார். மற்றக் கிளப்புகள் அன்று கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்த பிறகு கேட்கிறார்கள். இதனால் மட்டும் உரிமை நிரந்தரமாகிவிடாது என்பதும் சரிதான். மேலே பேசுவோம்.

23 ஏப்ரல்

ஒருவர் எழுதுகிறார்: "இந்த இரண்டு அணியும் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே ஆடிவருகிற பரம்பரை, அதனால்தான் அவர்களுக்கு இந்த நாள்." இல்லை. 1916இல் லீக்கில் மிஞ்சி ஆடியவை நான்கே அணிகள்: கார்ல்டன், காலிங்வுட், ஃபிட்ஸ்ராய், ரிச்மண்ட். போர் நடக்கும்போது விளையாட்டு எதற்கு என்று எசண்டன் உட்பட மற்றவை ஒதுங்கிவிட்டன. எசண்டன் திரும்பி வந்தது 1918இல். அந்த 1916 சீசனில் ஃபிட்ஸ்ராய் நான்காவதாக, அதாவது கடைசியாக வந்து, இறுதிச் சுற்றில் ஜெயித்துக் கோப்பையையும் வாங்கியது. நாலு பேர் ஓடும் பந்தயத்தில் கடைசியாக வந்தவருக்கும் தங்கம்!

இதில் ஒரு வர்க்கக் கதையும் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தாத நாலும் உழைப்பாளிகள் வாழ்ந்த பேட்டைகளின் கிளப்புகள். அங்கே சனிக்கிழமை ஆட்டம்தான் வாரத்தின் ஒரே ஆறுதல். நிறுத்தியவர்களில் பலர் வசதியான பக்கம். நிறுத்தியவர்களுக்குத் தேசபக்தி அதிகம், ஆடியவர்களுக்குக் குறைவு என்று அன்றைக்குப் பத்திரிகைகள் எழுதின. இரண்டு பக்கத்திலிருந்தும் பையன்கள் போனார்கள், செத்தார்கள்.

எங்கள் ஃபுட்ஸ்கிரே (இன்றைய புல்டாக்ஸ்), ஹாதார்ன், நார்த் மெல்பர்ன் மூன்றும் லீக்கில் சேர்ந்ததே 1925இல்தான்.

24 ஏப்ரல், காலை

"அப்படியானால் எந்தக் கிளப் அதிகம் இழந்ததோ அதற்குக் கொடுங்கள்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இழப்பை வைத்துப் பார்த்தால் மெல்பர்ன் கிளப்பின் வழக்கு பலமானது. 1940இல் கோப்பை வென்ற அணியில் ஆடிய ரான் பராசி அடுத்த வருடம் போரில், லிபியாவின் டோப்ருக்கில் கொல்லப்பட்டார். அவர் மகன், அதே பெயர், பிற்காலத்தில் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாக வளர்ந்தார். அப்பா போகும்போது பையனுக்கு ஐந்து வயது. அதே கிளப்பின் 'புளூயி' டிரஸ்கட் போர் விமானி. நடுவில் 1942இல் ஊருக்கு வந்தபோது ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பிப் போனார். 1943இல் எக்ஸ்மவுத் வளைகுடாவில் விமானம் கடலில் விழுந்து இறந்தார். இன்றைக்கும் அந்தக் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவர் பெயரில்தான்.

காலிங்வுட்டும் சொல்லும். பேடி ரோவன், டாக் செடன் இரண்டு பேரும் சேர்ந்து ஆடியவர்கள், சேர்ந்தே படைக்கும் போனவர்கள். 1916இல் ரோவன் பிரான்சில் இறந்தார். அடுத்த வருடம் செடன் முன்னணியிலிருந்து ஒரு குதிரை லாடம் அனுப்பினார், ஜெர்மன் குண்டின் உலோகத்தில் அடித்தது. கிளப்புக்கு அதிர்ஷ்டம் வரட்டும் என்று. அந்த வருடம் காலிங்வுட் கோப்பை வென்றது. செடன் திரும்பி வந்து நண்பனின் மனைவியைத் திருமணம் செய்துகொண்டு நண்பனின் மகனையும் வளர்த்தார். இந்தக் கதையைப் படிக்கிறபோதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் எல்லாருக்கும் முன்னால் யூனிவர்சிட்டி நிற்க வேண்டும். மெல்பர்ன் பல்கலைக்கழக மாணவர்களின் அணி 1908இலிருந்து 1914 வரை லீக்கில் ஆடியது. கடைசியாக ஆடிய 51 ஆட்டங்களிலும் தோல்வி. போர் தொடங்கியதும் மருத்துவம் படித்தவர்களும் மற்றவர்களும் கூட்டமாகப் படையில் சேர்ந்தார்கள், அணி கலைந்தது, திரும்பவே இல்லை. ஆடியவர்களில் பலர் போரில் இறந்தார்கள். இழப்பை வைத்துக் கொடுப்பதென்றால் ஏப்ரல் 25இல் ஆட வேண்டிய அணி இன்று கிடையாது.

இப்படி எண்ணிக்கொண்டே வந்தபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. உன் கிளப்பில் எத்தனை பேர், என் கிளப்பில் எத்தனை பேர் என்று செத்தவர்களைப் பட்டியல் போட்டு ஆட்ட வாய்ப்பு கேட்பதா? பிரான்சில் கிடக்கிற பையனின் அம்மாவிடம் போய் உங்கள் மகன் எங்களுக்கு ஒரு பாயிண்ட் என்று சொல்வது போலாகிவிடும். இந்த வழி வேண்டாம்.

24 ஏப்ரல், இரவு

இப்போது ரிச்மண்டும் மெல்பர்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அன்சாக் நாளுக்கு முந்தைய இரவு ஆட்டம், 2015இலிருந்து நடக்கிறது. இதுவும் கேட்டு வாங்கியதுதான். "இரண்டு கிளப் மட்டும்" என்று எழுதியவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்.சி.ஜி.யில் மட்டும் நான்கு கிளப் ஆகிவிட்டது.

நாளைக் காலை மெல்பர்ன் போர் நினைவிடமான ஷ்ரைனுக்குப் போகிறேன். விடியற்காலை நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் நல்ல கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

25 ஏப்ரல், இரவு

காலிங்வுட் ஜெயித்தது. ஆட்டத்தைப் பற்றிப் பேச இன்று மனமில்லை, அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசையை ஊதுவார்கள், ஒரு நிமிட மௌனம். தொண்ணூறாயிரம் பேர் இருக்கிற இடத்தில், பியர் குடித்து, கத்தி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த கூட்டம் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் நிற்கும். கொடிக்கம்பத்தில் கயிறு தட்டுவது மேலடுக்கு வரை கேட்கிறது. எனக்கு முன்வரிசையில் ஒரு காலிங்வுட் அப்பா, ஏழெட்டு வயசுப் பையன். பையன் ஏதோ கேட்க வாயைத் திறந்தான். அப்பா தோளைத் தொட்டார். அவ்வளவுதான், பையனுக்குப் புரிந்துவிட்டது.

சுழற்சி முறை கேட்கிறவர்களிடம் இதைத்தான் கேட்க விரும்புகிறேன். இந்த மௌனம் ஒரே நாளில் வந்துவிடாது. இரண்டு ரசிகர் கூட்டமும் முப்பது வருடமாக இதற்கு வந்து வந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1995இல் தோளைத் தொடப்பட்ட பையன்தான் இன்றைக்கு அப்பாவாக உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு வருடமும் வேறு வேறு இரண்டு கூட்டம் வந்தால், பதினெட்டு அணிக்கும் ஒரு சுற்று முடிய ஒன்பது வருடம் ஆகும். பையன் வளர்ந்தே போய்விடுவான்.

26 ஏப்ரல்

பெர்த்திலிருந்து ஒருவர்: "மௌனம் என்ன மெல்பர்ன்காரர்களின் சொத்தா? ஃப்ரீமான்டில் 1996இலிருந்து அன்சாக் ஆட்டம் நடத்துகிறது."

அதுவும் உண்மைதான். முதல் உலகப் போரில் துருக்கியின் கலிபொலியில் இருந்த மேற்கு ஆஸ்திரேலிய வீரர் லென் ஹால் பெயரில் ஃப்ரீமான்டில் நடத்துகிற நினைவு ஆட்டம் எம்.சி.ஜி. ஆட்டத்தைவிட ஒரே ஒரு வருடம்தான் இளையது. பெர்த்தில் அதைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் சிறியது, மௌனத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே நேற்று எழுதியதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: அதே ஊரில், அதே ஆட்டத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிற கூட்டம் வேண்டும். எந்த ஊர், எந்த அணி என்பது அதற்கு அடுத்துத்தான். பெர்த்துக்கு ஃப்ரீமான்டில், மெல்பர்னுக்கு அந்த இரண்டு பேர்.

அடுத்து, "போன வருட இறுதிப் போட்டியில் ஆடிய இரண்டு அணிக்கும் கொடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது" என்ற யோசனை. இதை நான் ஏற்கவே மாட்டேன். அப்படிச் செய்தால் நினைவு நாள் ஒரு பரிசாகிவிடும். அன்சாக் நாளின் ஆரம்பமே ஒரு தோல்வி. 1915 ஏப்ரல் 25இல் கலிபொலியில் இறங்கினார்கள், எட்டு மாதம் மலைச்சரிவில் கிடந்தார்கள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களையும் இரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட நியூசிலாந்துக்காரர்களையும் புதைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்தார்கள். ஜெயித்தவர்களுக்குத்தான் அந்த நாள் என்று சொன்னால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

26 ஏப்ரல், சற்றுப் பிறகு

பணத்தைப் பற்றிப் பேசாமல் போகிறீர்களே என்று கேள்வி. பேசத்தான் வேண்டும். எனக்கு உண்மையில் உறுத்துவதே அதுதான்.

எங்கள் ஊர்க் கோயில்களில் உபயம் என்று உண்டு. மலேசியாவில் நான் வளர்ந்த தோட்டத்துக் கோயிலில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு, ஒரு பிரிவுக்கு. மூன்றாம் நாள் லயத்துக்காரர்கள், ஐந்தாம் நாள் தொழிற்சாலைப் பிரிவு என்று தலைமுறை தலைமுறையாக. யாரும் சுழற்சி கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? உபயக்காரர்தான் அன்றைக்குச் செலவு செய்ய வேண்டும். பூ, எண்ணெய், அன்னதானம், மேளம் எல்லாம் அவர் கையிலிருந்து. மரியாதை அவருக்கு, செலவும் அவருக்கு.

இங்கே மரியாதையும் வருமானமும் ஒரே கைக்குப் போகிறது. ஒரு வருடம் காலிங்வுட் ஆட்டத்தை நடத்தும் அணி, மறு வருடம் எசண்டன். வருடத்தின் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று, முப்பது வருடமாக. சிறிய கிளப்புகளின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இதுதான், தேசபக்தி இரண்டாவது. விக்டோரிய அன்சாக் நாள் சட்டப்படி அன்று நடக்கும் விளையாட்டு வருமானத்தில் ஒரு பங்கு முன்னாள் படைவீரர் நலனுக்குப் போகிறது. ஒரு பங்கு போதாது என்பது என் கட்சி.

அணியை மாற்ற வேண்டாம். உபயத்தை உபயமாக்குங்கள். டிக்கெட் வருமானம் முழுவதும், மைதானச் செலவு போக, திரும்பி வந்து தூக்கமில்லாமல் தவிக்கிற வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகட்டும். அப்போது எத்தனை கிளப் வரிசையில் நிற்கிறது என்று பார்க்கலாம். வரிசையில் நின்றால் மிகவும் சந்தோஷம். அவர்களுக்கும் கொடுக்கலாம்.

27 ஏப்ரல்

நியூசிலாந்தை எல்லாரும் மறந்துவிட்டோம் என்று வெலிங்டனிலிருந்து குறிப்பு. சரியான குட்டு.

அன்சாக் என்ற பெயரிலேயே பாதி அவர்களுடையது. ஏஎஃப்எல்லில் நியூசிலாந்து அணி கிடையாது. 2013இல் செயின்ட் கில்டாவும் சிட்னியும் அன்சாக் நாளில் வெலிங்டன் போய் ஆடினார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பாயிண்டுக்காக நடந்த முதல் ஏஎஃப்எல் ஆட்டம் அது. செயின்ட் கில்டா மூன்று வருடம் போனது, மூன்றிலும் தோற்றது, அத்துடன் முடிந்தது. நல்ல யோசனை, கைவிட்டிருக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் ரக்பி லீக்காரர்கள் முன்னால் இருந்தார்கள். 2002இலிருந்து சிட்னியில் ரூஸ்டர்ஸும் செயின்ட் ஜார்ஜ் இல்லவாராவும் ஆடுவது ஒரு பக்கம். 2009இலிருந்து 2023 வரை மெல்பர்ன் ஸ்டார்மும் நியூசிலாந்து வாரியர்ஸும் ஆடினார்களே, அதுதான் பெயருக்கு ஏற்ற ஆட்டம். ஒரு பக்கம் ஆஸ்திரேலியா, ஒரு பக்கம் நியூசிலாந்து. யார் ஆட வேண்டும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

அதே கரையில் இந்தியர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இறங்கிய முதல் நாளே அன்சாக் படைக்குத் துணையாகக் கோவேறு கழுதைகளில் பீரங்கியை ஏற்றிக்கொண்டு மேலே போனது இந்திய மலைப் பீரங்கிப் படை. பள்ளிக்கூடத்தில் என் மகளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

29 ஏப்ரல்

"யாருமே ஆடக் கூடாது. துக்க நாளில் என்ன கொண்டாட்டம்?" கடுமையான கேள்வி. மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியது.

நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. 1960க்கு முன் விக்டோரியாவில் அன்சாக் நாளில் லீக் ஆட்டம் கிடையாது. சட்டம் மாறிய பிறகும் காலைப் பொழுது நினைவுக்கு, பிற்பகல்தான் மற்றதற்கு. இன்றும் காலையில் கடைகள் மூடியிருக்கும். இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கும். நாம் சாவு வீட்டில் காரியம் முடியும் வரை அடுப்பு மூட்டமாட்டோம், முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்துச் சோறு போடுவோமே, அந்த வரிசை இங்கேயும் இருக்கிறது.

இன்னொன்று, ஆடியவர்கள் அந்த வீரர்களேதான். 1916 அக்டோபரில் லண்டன் குயின்ஸ் கிளப் மைதானத்தில் ஆஸ்திரேலியப் படைப்பிரிவுகள் இரண்டு அணியாகப் பிரிந்து ஃபுட்டி (இதே ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆடின, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்ட. ஜெயித்த மூன்றாம் டிவிஷன் அணியின் தலைவர் சவுத் மெல்பர்னின் புரூஸ் ஸ்லாஸ். சில மாதத்தில், 1917 ஜனவரியில், பிரான்சில் கொல்லப்பட்டார். அன்று அந்த மைதானத்தில் ஓடியவர்களிடம் போய் "துக்க காலத்தில் ஆடக் கூடாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் "போர்க்களம்", "வீரர்கள்", "பதுங்கு குழி" என்றே பேசுவார்கள். இருபது வயதுப் பையன் முழங்காலில் அடிபட்டு வெளியே போவது போர் இல்லை. சிறந்த ஆட்டக்காரருக்கு 2000இலிருந்து அன்சாக் பதக்கம் தருகிறார்கள், முதல் பதக்கம் எசண்டனின் ஜேம்ஸ் ஹர்டுக்கு. துணிவு, தியாகம், நியாயமான ஆட்டம் என்று அளவுகோல். பதக்கம் இருக்கட்டும். அந்தப் பேச்சை நிறுத்துங்கள். ஓய்வுபெற்ற வீரர்கள் பலர் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

2 மே

இத்தனை நாளும் எழுதாமல் வைத்திருந்ததை எழுதிவிடுகிறேன்.

என் தாத்தாவின் அண்ணனை ஜப்பான்காரன் காலத்தில் பேராக் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், கூலி உண்டு, அரிசி உண்டு என்றார்கள். அவர் வரவில்லை. எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்பதுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. மலாயாவிலிருந்து போன தமிழர்கள் பல பத்தாயிரம் பேர் இப்படிக் காலராவிலும் பட்டினியிலும் அந்தக் காட்டில் முடிந்தார்கள். அதே 415 கிலோமீட்டர் பாதையில் ஆஸ்திரேலியக் கைதிகள் சுமார் 2,800 பேர் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது, அது இருக்க வேண்டியதுதான். எங்கள் ஆட்களுக்கு அது இல்லை.

மெல்பர்னுக்கு வந்த புதிதில் அன்சாக் நாள் எனக்கு யாரோ வீட்டு விசேஷம். கான்பெராவில் போர் நினைவகத்தில் ஒரு சின்னப் பதக்கத்தைப் பார்த்த பிறகு அப்படி இல்லை. 'சாங்கி பிரவுன்லோ'. சிங்கப்பூர் சாங்கி முகாமில் அடைபட்ட ஆஸ்திரேலியக் கைதிகள் 1942இல் தங்களுக்குள் ஒரு ஃபுட்டி லீக் வைத்துக்கொண்டார்கள். 1933இல் உண்மையான பிரவுன்லோ பதக்கம் (லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கானது) வாங்கிய ஃபிட்ஸ்ராயின் 'சிக்கன்' ஸ்மால்ஹார்னும் அங்கே கைதி. அவர் முன்னின்று நடத்தினார். 1943 ஜனவரி 24, கடைசி ஆட்டம், விக்டோரியாவுக்கும் மற்ற மாநிலங்களுக்கும். பத்தாயிரம் கைதிகள் பார்த்தார்களாம். பதக்கம் பீட்டர் சிட்டிக்கு. பிறகு அவரும் ரயில் பாதைக்குப் போனார், உயிரோடு திரும்பினார். என் பெரிய தாத்தா இருந்த அதே காட்டில்தான் அவரும் மண் சுமந்திருக்கிறார்.

நம் விவாதத்துக்கு வருகிறேன். அந்த முகாம் அணிகளுக்கு ஊரில் இருந்த கிளப்புகளின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். சிட்டி ஊரில் செயின்ட் கில்டாவுக்கு இரண்டே ஆட்டம் ஆடியவர். சாங்கியில் அவர் ஆடியது ஜீலாங் என்ற பெயரில். கார்ல்டன் ரசிகன் வேறு கிளப் பெயரில் ஆடியிருப்பான், ரிச்மண்ட்காரன் தனக்குப் பிடிக்காத பெயரைச் சுமந்திருப்பான். நாம் யாரை நினைக்க வேண்டும் என்று இத்தனை சண்டை போடுகிறோமோ அவர்களுக்கே எந்த அணி என்பது ஒரு பொருட்டாக இல்லை. ஆள் சேர்ந்தால் போதும், பந்து இருந்தால் போதும்.

அதனால்தான் யார் ஆட வேண்டும் என்ற கேள்வியில் எனக்குச் சூடு குறைந்துவிட்டது. ஆட்டத்தின் வருமானம் எங்கே போகிறது, அறிவிப்பில் யார் பெயர் சொல்லப்படுகிறது என்ற கேள்விகளில் சூடு ஏறியிருக்கிறது. மௌனத்துக்கு முன் ஒலிபெருக்கியில் படிக்கிற அந்த நாலு வரியில் சயாம் பாதையின் ஆசியத் தொழிலாளர்களுக்கும் ஒரு வரி வேண்டும். இந்த நாட்டுக் கைதிகளின் பக்கத்திலேயே செத்தவர்கள். படையில் சேர்ந்து போராடித் திரும்பிய பிறகும் வாக்குரிமையும் நிலமும் மறுக்கப்பட்ட பழங்குடி வீரர்களுக்கும் ஒரு வரி. ஒரு நிமிடம்கூட ஆகாது.

3 மே

நேற்றைய குறிப்புக்குப் பிறகு கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் சிலர் தங்கள் வீட்டுக் கதைகளை எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்தேன். பெயர், ஊர், தோட்டம், எந்த வருடம் போனார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறையில் கேட்க ஆள் இருக்காது.

5 மே

"சரி, கடைசியாக என்ன சொல்கிறீர்கள், ஆமாவா இல்லையா?" என்று முதல் கேள்வியைக் கேட்டவரே மறுபடி கேட்கிறார்.

ஏப்ரல் 25 பிற்பகல் எம்.சி.ஜி. காலிங்வுட்டுக்கும் எசண்டனுக்கும் இருக்கட்டும். வருமானத்தை விட்டுக்கொடுக்கும் வரைதான். கொடுக்க மாட்டோம் என்றால் கொடுக்கத் தயாராக இருக்கிற கிளப்புக்கு மாற்றுங்கள், அது எந்தக் கிளப்பாக இருந்தாலும். முந்தைய இரவு ரிச்மண்டுக்கும் மெல்பர்னுக்கும், மேற்கே ஃப்ரீமான்டிலுக்கு, இதே நிபந்தனையில். எசண்டனுக்கு ரிச்மண்டோடு பழங்குடியினரைச் சிறப்பிக்கும் 'ட்ரீம்டைம்' ஆட்டமும் 2005இலிருந்து கையில் இருக்கிறது என்பதால் விட்டுக்கொடுப்பது அவர்களுக்குப் பெரிய கஷ்டமில்லை.

ஒரு புது இடம் மட்டும் கேட்பேன். டாஸ்மேனியா 2028இல் லீக்கில் சேரவிருக்கிறது. கலிபொலியில் இருந்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த அலெக் காம்பெல் டாஸ்மேனியாக்காரர். பதினாறு வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தவர், 2002இல் 103 வயதில் இறந்தார். அவர் வாழ்ந்த மாநிலத்துக்கு அவர் காலம் முழுவதும் இந்த லீக்கில் ஓர் அணி இருந்ததில்லை. முதல் சீசனின் அன்சாக் வாரத்தில் ஹோபார்ட்டில் ஓர் ஆட்டம் வையுங்கள், எதிரணியாக எங்கள் புல்டாக்ஸை அனுப்புங்கள். டிக்கெட் விற்பனை தொடங்கினால் இங்கே ஒரு வரி எழுதிப் போடுங்கள், நான் மகளோடு வருகிறேன்.